செம்பு தேடிய குழியில் ஓர் ஓட்டைக் காலணா

சிலி நாட்டு விமான நிலையத்தில் ஒரு நாய் என் பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. நாய் உட்கார்ந்தால் உள்ளே விதையோ காயோ இருக்கிறது என்று அர்த்தமாம். அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். என் மனைவி ரீத்தா கட்டிக் கொடுத்திருந்த முழு மல்லி, சுண்டைவற்றல், வெங்காய வடகம் எல்லாம் ஒவ்வொரு பொட்டலமாக மேஜைக்கு ஏறின. மணகோலமும் சீப்புச் சீடையும் மட்டும் தப்பித்தன. சீடை ஒன்றை ஒடித்துப் பார்த்த அதிகாரிக்கு அது தின்பண்டம் என்று நம்பிக்கை வரக் கொஞ்ச நேரம் ஆனது. சட்டைப்பையில் இருந்த பர்ஸை யாரும் திறக்கச் சொல்லவில்லை. அதற்குள் ஓர் ஓட்டைக் காலணா இருந்தது. அதையும் பிடுங்கியிருக்கலாமே என்று பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறேன்.

நான் போர் போடுகிறவன். கல்லலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காரைக்குடி, பள்ளத்தூர், நெற்குப்பை என்று சுற்றுவட்டாரம் முழுக்க என் வண்டி போய்த் தரையைத் துளைத்திருக்கிறது. போட்ட ஒவ்வொரு போருக்கும் நோட்டில் ஒரு பக்கம் உண்டு: யார் வீடு, எத்தனை அடி, எந்த அடியில் என்ன மண், தண்ணீர் எங்கே. இந்தப் பயணத்தையும் அதே நோட்டில்தான் எழுதிக்கொண்டு வந்தேன்.

மகள் அமலி நிலவியல் படித்தவள். தரையைத் துளைக்கும் புத்தி என்னிடமிருந்தும், துளைக்கும் முன் யோசிக்கும் புத்தி ரீத்தாவிடமிருந்தும் அவளுக்குப் போயிருக்கிறது. ஐந்து வருஷமாகச் சிலியில் செம்பு தேடும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. மூன்று கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரவில்லை. கேட்டால், "இன்னும் ஒரே ஒரு குழிதான்ப்பா, அத முடிச்சுட்டு வந்துர்றேன்" என்பாள். அந்தக் குழியில் செம்பு அகப்படாவிட்டால் கம்பெனி முகாமையே மூடிவிடும், அவளுடைய ஐந்து வருஷ உழைப்பும் வீண் என்பதை ரீத்தாதான் போனில் மெல்ல மெல்லக் கறந்தாள்.

"நீங்க போயி அவகூட மூணு வாரம் இருந்துட்டு வாங்க. எதையும் பேசாதீக, எதையும் தொடாதீக. சும்மா இருந்தாப் போதும்" என்று சொல்லி அனுப்பினாள். சும்மா இருப்பது எனக்கு வராது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அனுப்பினாள்.

கோப்பியாப்போ என்ற ஊரில் அமலி வந்து நின்றாள். வெயிலில் கறுத்து, இளைத்து, கண் மட்டும் பெரிதாக இருந்தது. மூன்று வருஷம் கழித்துப் பார்க்கும் அப்பாவிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "மல்லியப் பிடுங்கிட்டாகளா?" என்பதுதான்.

மத்தியானம் ஒரு கடையில் எம்பனாடா வாங்கிக் கொடுத்தாள். நம்ம சோமாசை நாலு மடங்கு பெரிதாக்கி, பூரணத்துக்குப் பதில் கொத்துக்கறி, வெங்காயம், அவித்த முட்டை, கூட ஒரு முழு ஆலிவ் காய் வைத்து அடுப்பில் சுட்டது. ஆலிவைக் கொட்டையோடு வைத்திருக்கிறார்கள். என் கடைவாய்ப் பல் ஆட்டம் கண்டது. பக்கத்து மேஜையில் ஒரு அம்மாள் ஏதோ சொல்லிச் சிரித்தார். "வெளியூர் ஆள், பாவம், கொட்டை இருப்பதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது" என்றாராம். இதைச் சொல்லும்போது என் மகளும் சிரித்தாள். சரி, சிரிக்கிறாளே என்று பல்வலியைப் பொறுத்துக்கொண்டேன்.

மறுநாள் முகாமுக்குப் புறப்பட்டோம். வண்டி ஓட்டியவர் எர்னான், குழி போடும் இயந்திரத்தின் ஆபரேட்டர். வயசானவர்களைப் பெயருக்கு முன்னால் 'தோன்' சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். நாம் பின்னால் 'அண்ணே' போடுவது மாதிரி. தோன் எர்னானுக்கு என் வயசு, என்னைவிடப் பெரிய தொப்பை. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஸ்டியரிங்கில் இருந்த அவருடைய இடது கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் நகமே இல்லை. என் இடது கையைத் தூக்கிக் காட்டினேன். எனக்கும் அதே விரல், அதே நகம். தரையைத் துளைக்கும் ராடை மாட்டும்போது நசுங்கியது. மனுஷர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கு என்று குலுக்கினார்.

ரோடு தார் ரோடு இல்லை. உப்புக் கரைசலை ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள். மழையே இல்லாத ஊரில் உப்பும் ரோடாகிறது. நம்ம ஊரில் போட்டால் ஐப்பசியில் கரைந்து கண்மாய்க்குப் போய்விடும். நடுவழியில் டயர் பஞ்சர். இறங்கி நின்றால் புல் இல்லை, ஈ இல்லை, காக்காய் இல்லை. என் மூச்சு எனக்கே சத்தமாகக் கேட்டது.

பஞ்சரான இடத்துக்குப் பக்கத்தில், குகை மாதிரிக் கல் அடுக்கிக் கட்டிய சின்னக் கெபி ஒன்று இருந்தது. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கில் பாட்டில்கள். எல்லாவற்றிலும் தண்ணீர். பாலைவனத்தில் தாகத்தால் இறந்துபோன ஒரு தாய்க்கு, போகிற வருகிற வண்டிக்காரர்கள் வைத்துவிட்டுப் போவது என்று அமலி சொன்னாள். தோன் எர்னான் ஸ்டெப்னியை மாட்டி முடித்ததும், தன் குடிதண்ணீர் பாட்டிலை அங்கே வைத்து, தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டுக்கொண்டார். தண்ணீரையே தொழிலாக வைத்திருக்கிற நானும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

முகாம் இருக்கும் இடம் கொடைக்கானலைவிட உயரம். மூன்றாம் நாள் முழுக்கத் தலைவலி. ஏதோ இலையைப் போட்டுக் கசாயம் கொடுத்தார்கள். ரொட்டியில் அவகாடோவை மசித்துத் தடவி உப்புப் போட்டு மூன்று வேளையும் தருகிறார்கள். ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டதற்குச் சமையல்காரர் இன்னும் கொஞ்சம் அவகாடோ வைத்தார்.

நாலாம் நாள் அமலி, "வாங்கப்பா, மலையக் காட்றேன்" என்று கூட்டிக்கொண்டு போனாள். முகாமிலிருந்து பார்த்தால் அது ஒரு மொட்டை மலை. நான் என்னத்தைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் நடந்தேன்.

முதலில் மிதித்த பாறை கறுப்பும் ஊதாவுமாக, நீளநீளமான பொடிக் கட்டங்களோடு இருந்தது. "இது பழைய எரிமலைக் கல்லு. இதுக்கு ஒண்ணும் ஆகல. இத ஞாபகம் வச்சுக்கங்க" என்றாள். அரை மணி நேரம் நடந்ததும் பாறை பச்சையாகிவிட்டது.

"பாசியா?" என்றேன்.

"மழையே இல்லாத ஊர்ல பாசி எங்குட்டுப்பா வரும்?" என்று சுத்தியலால் ஒரு துண்டை உடைத்துக் காட்டினாள். உள்ளேயும் பச்சை. கல்லே பச்சையாகியிருந்தது. இன்னும் மேலே ஏறினோம். பச்சை வெளிறி, வெள்ளையாகிவிட்டது. தொட்டால் விரலில் பவுடர் மாதிரி ஒட்டியது. வெள்ளைக்கு மேல் மஞ்சளும் சிவப்புமாகத் துருக்கறை வழிந்திருந்தது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த துணுக்குகள் காற்றுப் பட்டுத் துருப்பிடித்ததால் வந்த நிறமாம்.

"கீழ கறுப்பா ஒண்ணு பார்த்தீகளே, அதே கல்லுதான்ப்பா இது" என்றாள்.

நான் நம்பவில்லை. முப்பது வருஷமாக ராடுக்கு ராடு மண் எடுத்துச் சாக்கில் வரிசையாக வைத்துப் பார்க்கிறவன் நான். கல் ஒன்று, மண் ஒன்று என்று பிரிக்கத் தெரியும். இது வேறு, அது வேறு என்று சாதித்தேன். அவள் பொறுமையாக ஒரு வெள்ளைக் கல்லை என் கண்ணுக்கு நேரே பிடித்தாள். கறுப்புக் கல்லில் நான் பார்த்த அதே நீளமான பொடிக் கட்டங்கள் வெள்ளையிலும் இருந்தன. உருவம் அப்படியே இருக்க, உள்ளே இருந்த சரக்கை மட்டும் யாரோ மாற்றியிருந்தார்கள்.

"யாருடி பண்ணுனா இத?"

"தண்ணிப்பா."

"தண்ணியா?"

"சுடுதண்ணி."

அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்து அவள் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். இந்தத் தேசத்துக்கு மேற்கே இருக்கிற கடலின் தரை, தேசத்துக்கு அடியில் சொருகிக்கொண்டே போகிறது. கடல்தரை ஆயிற்றே, ஈரத்தோடுதான் போகும். ஆழத்தில் அந்த ஈரம் பிரிந்து மேலே ஏறி, அங்கே இருக்கிற சூடான பாறையை இளக்கிவிடுகிறது. இளகிய குழம்பு மேலே வருகிறது. தரைக்கு வராமல், சில கிலோமீட்டர் கீழேயே நின்று ஆறத் தொடங்குகிறது. ஆற ஆற, அதற்குள் கரைந்திருந்த தண்ணீருக்கு உள்ளே இருக்க இடமில்லை. குக்கரில் ஆவி சேர்கிற மாதிரி சேர்ந்து, ஒரு கட்டத்தில் மேலே இருக்கிற பாறையை உடைத்துக்கொண்டு பாய்கிறது. அந்தத் தண்ணீரில் செம்பும் கந்தகமும் கரைந்திருக்கின்றன. பாறை முழுக்க ஆயிரக்கணக்கில் விரிசல். விரிசலில் தண்ணீர் ஆறும்போது செம்பு அங்கேயே தங்கிவிடுகிறது.

செம்பை இறக்கி வைத்த பிறகும் தண்ணீர் சும்மா இருக்கவில்லை. கொதிநிலையில் இருந்த நடு இடத்தில் பாறையை ரோஸும் கறுப்புமாக மாற்றியது. கொஞ்சம் ஆறி, புளித்து, அமிலமாகி, அதைச் சுற்றி இருந்ததை வெள்ளையாக்கியது. வெதுவெதுப்பாகத் தள்ளிப் போன இடத்தில் பச்சையாக்கியது. அடுப்புக்கு நேர் மேலே சுவர் ஒரு நிறம், தள்ளிப் போகப் போக வேறு நிறம் ஆகிறதே, அது மாதிரி. சுவரில் கரி மேலே படிகிறது. இங்கே கல்லின் குடலே மாறிவிட்டது. அது நடந்து மூன்று கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். அதற்குப் பிறகு மேலே இருந்த கிலோமீட்டர் கணக்கான பாறை தேய்ந்து காற்றோடு போய், அன்றைக்கு ஆழத்தில் வெந்தது இன்றைக்கு என் செருப்புக்குக் கீழே கிடக்கிறது.

ஆயுசு முழுக்க நான் தேடியது தண்ணீரை. இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் என்று பீறிட்டு வந்தாலே வீட்டுக்காரர்கள் குலவை போடுவார்கள். அதே தண்ணீர் ஒரு மலையையே வேக வைத்துப் போட்டிருக்கிறது. வெள்ளைப் பாறையில் கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. கையை எடுக்கவே மனம் வரவில்லை.

அமலி பையிலிருந்து ஒரு கல்லை எடுத்தாள். வேறொரு சுரங்கத்திலிருந்து கொண்டுவந்தது. ரோஸ் நிறம், நடுநடுவே கறுப்புப் புள்ளி, குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை நூல்கள், நூலுக்குள் பித்தளைத் துகள் மாதிரி மினுமினுப்பு. இதற்குப் பெயர் போர்ஃபிரி. பொங்கலில் முந்திரி கிடக்கிற மாதிரி, பொடிக் கல்லுக்குள் பெரிய படிகங்கள் கிடந்தன. மெதுவாக ஆறும்போது வளர்ந்தவை முந்திரி. திடீரென்று ஆறி உறைந்தது பொங்கல். அந்த மினுமினுப்புதான் செம்பு இருக்கும் துகள்.

"நூறு கிலோ கல்ல அரைச்சா ஒரு கிலோ செம்பு தேறாதுப்பா. அதுவே நல்ல கல்லு. உங்க போர் மோட்டாருக்குள்ள இருக்க கம்பி பூராம் இப்படித்தான் வந்துருக்கும்."

அவளுடைய பிரச்சினையையும் அன்றைக்குத்தான் சொன்னாள். வெள்ளை இருந்தால் நடுவில் ரோஸ் இருக்க வேண்டும். அதை நம்பிக் கம்பெனி மலை உச்சியில் ஐந்து குழி போட்டது. ஐந்திலும் அடிமட்டம் வரை வெள்ளைதான். இங்கே ஒன்றுமில்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். இவள் மட்டும் வருஷக்கணக்கில் நடந்து நடந்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். பச்சைப் பட்டை மேற்கே ரொம்ப அகலம், கிழக்கே கொஞ்சம்தான்.

"மலை சாஞ்சுருக்குப்பா. மொத்தமா கிழக்காம சாஞ்சு கெடக்கு. நடு இடம் உச்சிக்குக் கீழ இல்ல. அந்தா, மேக்கால, அந்தச் சரளைப் பொட்டலுக்குக் கீழ இருக்கு."

சாய்ந்துபோன போர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மேலே நின்றுகொண்டு நேர் கீழே தேடினால் கிடைக்காது. "சரியாத்தான் சொல்ற" என்றேன். என் மகள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்தப் பொட்டலில் ஒரே ஒரு குழிக்கு, மொத்தம் ஐந்நூறு மீட்டருக்குத்தான் கம்பெனி அனுமதித்திருந்தது. நானூற்றைம்பதில் ரோஸ் வரும் என்பது அவள் கணக்கு.

ஐந்தாம் நாள் அந்தக் குழி தொடங்கியது. எனக்கும் ஹெல்மெட் கொடுத்து நிற்க வைத்தார்கள்.

எங்கள் வண்டியில் ஒரு பழக்கம் உண்டு. முதல் ராடு இறங்குவதற்கு முன் குழி வாயில் ஒரு செப்புக் காசு போட வேண்டும். என் அப்பா கைபோர் போட்ட காலத்திலிருந்து வருவது. இந்து வீடென்றால் கூடவே மஞ்சள், குங்குமம். எங்கள் ஆட்கள் வீடென்றால் சிலுவை அடையாளம். காசு மட்டும் எல்லாருக்கும் பொது. இதற்காகவே பழைய ஓட்டைக் காலணாக்களைப் பாத்திரக் கடையில் சொல்லி வைத்து வாங்குவேன். ஒன்று எப்போதும் பர்ஸில் இருக்கும்.

முகாமில் இதெல்லாம் எதுவும் செய்யவில்லை. காப்பி குடித்தார்கள், தாளில் கையெழுத்துப் போட்டார்கள். என் பிள்ளையின் ஐந்து வருஷம் அந்தக் குழிக்குள் போகிறது. வெறும் வாயோடு எப்படித் தொடங்குவது? அதுவும் செம்பு தேடும் குழிக்குச் செப்புக் காசு. பொருத்தம் பார்த்தாற்போல் இருந்தது. எல்லோரும் அங்குட்டுத் திரும்பிய நேரத்தில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, காலணாவைக் குழியில் விட்டேன். சரளையில் 'டிக்' என்று ஒரு சத்தம். மனசு நிறைந்துபோனது.

மறுநாள் அமலி என்னைக் கல் வைக்கும் ஷெட்டுக்குக் கூட்டிப் போனாள். குழாய்க்குள் இருந்து உருளை உருளையாக வரும் கல்லை நீளப் பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, மீட்டர் எழுதி வைத்திருந்தார்கள். நான் சாக்கில் வைக்கும் மண் வரிசைதான், ஆனால் எவ்வளவு சுத்தம்! தொடக் கையை நீட்டினேன்.

"மோதிரத்தக் கழட்டிட்டுத் தொடுங்கப்பா."

"கல்யாண மோதிரம்மா."

"எந்த மோதிரமும் கூடாது. கல்லுல உரசுனா துளி ஒட்டிக்கிட்டாலும் சோதனையில காட்டிரும். போன வருஷம் ஒருத்தரு மூட்டு வலிக்குன்னு செப்புக் காப்பு போட்டுட்டு வந்து தொட்டுட்டாரு. பத்துப் பெட்டியத் தூக்கிப் போட்டோம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "வேணும்னே குழியில உலோகத்தப் போட்டு ஊர ஏமாத்துற ஆளுகளும் இருக்காகப்பா. அந்தச் சந்தேகம் ஒரு தடவ வந்துட்டா அந்த ஜியாலஜிஸ்ட்ட அதுக்கப்புறம் ஒருத்தரும் சேத்துக்க மாட்டாக."

மோதிரம் விரலைவிட்டு வரவில்லை. எனக்கு வேர்த்து ஊற்றியது. உயரத்தினால் வருகிற மயக்கம் என்று நினைத்து அமலி என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. காசு சரளையிலேயே புதைந்திருக்கும், இயந்திரம் அரைத்துச் சேற்றோடு துப்பியிருக்கும் என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோழைத்தனம் நடந்துகொண்டிருந்தபோது குழி இருபது மீட்டரிலிருந்து அறுபதுக்குப் போய்விட்டது.

எட்டாம் நாள் காலைச் சாப்பாட்டு மேஜையில், காசு போட்டதைச் சொல்லிவிட்டேன்.

அமலி கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். "எந்தக் குழியிலப்பா?"

"உன் குழியிலதான்."

"என்னப்பா பண்ணிட்டீக?" கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"யாரும் பார்க்கலம்மா. எனக்கும் உனக்கும்தான் தெரியும்." இதை நான் சொன்னேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"எனக்குத் தெரிஞ்சுருச்சேப்பா" என்று எழுந்து போய் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னாள். பிறகு மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.

மேலதிகாரி பத்ரிசியா மத்தியானமே வந்துவிட்டார். நரைத்த தலை, கறாரான கண். என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லாததால், என் மகளே நடுவில் உட்கார்ந்து எனக்கும் அவருக்கும் பேச்சை மாற்றிச் சொன்னாள்.

"உங்களைக் காசு போடச் சொன்னது யார்?" அமலி என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டாள்.

"யாரும் இல்ல. எங்க ஊர்ல தண்ணி வரணும்னு போடுவோம்."

அவள் அதை ஸ்பானிஷில் சொல்லி முடித்தாள். கதவோரம் நின்ற தோன் எர்னான் தொப்பியைக் கழற்றினார். "நான் ஒவ்வொரு தடவை வரும்போதும் ரோட்டோரம் தண்ணீர் வைக்கிறேன், அம்மா. என்னையும் யாரும் வைக்கச் சொல்லவில்லை" என்றாராம். பத்ரிசியா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒன்பதாம் நாள் ராடுகளை உருவி, சரளை சரியாமல் இருக்க இறக்கியிருந்த கேசிங் குழாயையும் வெளியே இழுத்தார்கள். கடைசிக் குழாயின் நுனியில் அப்பியிருந்த சேற்றில் என் காலணா இருந்தது. வளைந்து, ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது. தேய்ந்த செம்பு எந்த மீட்டருக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. பத்ரிசியா அதைப் பையில் போட்டு முத்திரை வைத்தார். அந்தக் குழி கைவிடப்பட்டது. நாலு எட்டு தள்ளிப் புதுக் குழி போடலாம். ஆனால் மொத்தம் ஐந்நூறு மீட்டர்தான், அறுபது செலவாகிவிட்டது. மிச்சம் நானூற்று நாற்பது.

ரோஸ் வரும் என்று என் மகள் சொன்னது நானூற்றைம்பதில். பத்து மீட்டர். முப்பத்துமூன்றடி. நம்ம ஊரில் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் நான் இறக்கிவிடும் ஆழம்.

மீதி நாட்களில் நான் எதையும் தொடவில்லை. ரீத்தா சொன்னபடி சும்மா இருந்தேன். பெட்டி பெட்டியாக வெள்ளைக் கல் வந்துகொண்டே இருந்தது. அமலி என்னிடம் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினாள். நான் கிளம்பும் அன்று குழி இருநூற்றுச் சொச்சத்தில் இருந்தது.

விமான நிலையத்தில், "கோவமாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாப்பா" என்றாள். பிறகு என் சட்டைக் காலரைச் சரி பண்ணிவிட்டாள். "ரெண்டு நாளைக்கு முந்தியே சொல்லிருக்கலாம்ல நீங்க."

ஊருக்கு வந்து பதினைந்து நாள் கழித்துப் பள்ளத்தூரில் ஒரு வாத்தியார் வீட்டில் போர். செம்புராங்கல்லைத் துளைத்துக்கொண்டு ராடு இறங்கிக்கொண்டிருந்தது. சிவந்த சேற்றை ஒரு கை அள்ளிச் சாக்கில் வைத்தேன். இதுவும் வேறு ஏதோ கல்லாக இருந்து, எத்தனையோ காலத்து மழைத்தண்ணீர் இறங்கி இறங்கி இப்படி ஆனதுதான் என்று அமலி சொல்லியிருந்தாள். முப்பது வருஷமாக இதை மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன்.

வாத்தியார் வந்து, "ஏண்ணே, காசு போட்டீகளா? நான் பார்க்கலையே" என்றார்.

"தொடங்கும்போதே போட்டாச்சு சார்" என்று சொல்லும்போது போன் அடித்தது.

"அப்பா." அமலிதான். "வெள்ள முடிஞ்சுருச்சு."

இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். "எத்தனையில?"

"நானூத்தி முப்பத்தொண்ணுல. ரோஸுப்பா. நூல் நூலா ஓடுது, பூராம் மினுமினுங்குது. கடைசி மீட்டர் வரைக்கும் வந்துக்கிட்டே இருந்துச்சு. இன்னும் நாலு குழிக்கு ஒத்துக்கிட்டாக."

ஒன்பது மீட்டர். குழி முடிய ஒன்பதே மீட்டர் இருக்கும்போது வந்திருக்கிறது. நான் அந்தச் சிவந்த சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். வாத்தியார் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

சாயந்திரம் அமலி இரண்டு படம் அனுப்பினாள். ஒன்று, ரோஸ் கல்லை அணைத்துப் பிடித்தபடி தோன் எர்னான். இன்னொன்று, கம்பெனிப் பதிவேட்டில், நான் காசு போட்ட குழியின் பக்கம். எனக்கு நோட்டு இருப்பது போல அவர்களுக்கும் குழிக்கு ஒரு பக்கம் உண்டு. ஸ்பானிஷில் இருந்ததை வரிக்கு வரி தமிழில் எழுதி அனுப்பியிருந்தாள். ஆழம், அறுபது மீட்டர். கைவிடப்பட்டது. காரணம், குழி வாயில் ஒரு செப்புக் காசு. போட்டவர், நிலவியலாளர் அமலியின் தகப்பனார்; இந்தியாவில் தண்ணீருக்குக் குழி போடுகிறவர்.

குறிப்பு என்று கடைசியில் ஒரு கட்டம். அதில் பத்ரிசியா தன் கையால் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "யாரும் பார்க்கவில்லை. அவராகவே வந்து சொன்னார். அடுத்த குழிகளுக்கும் அமலியே பொறுப்பு."